ஷிராஸ் நிழல்

தோமையார்பட்டியில் மனிதர்களின் நிழல் கருஞ்சிவப்பாக விழத் தொடங்கிய காலையில் அதை முதலில் பார்த்தது நான்தான் என்று பால்காரி சலேத்தும், இல்லை நான்தான் என்று கோயில் மணியடிக்கும் உபதேசியார் மிக்கேலும் இன்றைக்கு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இருவரில் ஒருவர்கூட அது ஏன் அப்படி விழுந்தது என்று கேட்டதில்லை, ஏனென்றால் கம்பம் பள்ளத்தாக்கில் மலையிலிருந்து இறங்கி வருகிற காற்றையும் மழையையும் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை, வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து உள்ளே போடுவார்கள், அவ்வளவுதான்.

அந்த நிழல்களுக்குக் காரணமான குச்சியை நட்டவள் பிரகாசி. அவள் இந்த ஊர்க்காரி அல்ல. குமுளிக்கு மேலே மிளகுத் தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, அருளப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு மலையிறங்கி வந்தவள். அருளப்பன் அழகன், நல்ல மனசுக்காரன், திராட்சைப் பந்தல் கட்டுவதில் கெட்டிக்காரன், குடிகாரன். இந்த நாலில் கடைசி ஒன்று மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தது. பிராந்திக் கடைச் சுவரோரம் நின்றபடி, நாக்குக்குத் தெரிவதற்குள் தொண்டையைத் தாண்டிவிட வேண்டும் என்கிற அவசரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, ஒரு பங்குனியில் போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு வயிற்றுப்பாட்டுக்கு பிரகாசி வேலைக்குப் போன இடம் எது என்று நினைக்கிறீர்கள், பக்கத்து ஊர் ஒயின் தொழிற்சாலை. விதிக்கு வெட்கமே கிடையாது.

அங்கே பாட்டில் கழுவும் வேலை. ஒரு நாள் கழுவ வந்த கண்ணாடிக் கோப்பையின் அடியில் ஒட்டியிருந்த கருஞ்சிவப்பை, கழுவுவதற்கு முன் ஏனோ மூக்கருகே கொண்டுபோனாள். மிளகு. கடையில் வாங்குகிற மிளகு அல்ல, லயத்து வாசலில் பாயில் பரப்பி அம்மா காலால் மிதித்து உதிர்ப்பாளே, அந்தப் பச்சை மிளகு. அதற்குப் பின்னால் வாய் கறுக்கத் தின்ற நாவல்பழம். அதற்கும் பின்னால் நனைந்த விறகு எரிகிற புகை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். இது என்ன திராட்சை என்று மேஸ்திரியிடம் கேட்டதற்கு, ஷிராஸ், வெளிநாட்டுக் கொடி, சோதனைக்கு வைத்தோம், இந்த மண்ணுக்குச் சரிவரவில்லை, பிடுங்கப் போகிறோம் என்றார். பிடுங்கிப் போட்டதில் கொஞ்சம் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, அருளப்பன் குத்தகைக்குப் பார்த்த கோயில் நிலத்தில், அவன் கட்டிய பந்தலுக்கடியில் நட்டாள்.

தோமையார்பட்டிக்குத் தெரிந்ததெல்லாம் பன்னீர் திராட்சை. அது சொன்ன பேச்சுக் கேட்கும் கொடி. வெட்ட வெட்டக் காய்க்கும், வருஷம் முழுக்கக் கவாத்து, வருஷம் முழுக்க அறுவடை. அந்தப் பழக்கத்தில் ஊரார் கத்திரியைத் தூக்கும்போதெல்லாம் பிரகாசியும் தூக்கினாள், ஷிராஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இலையாக விட்டது, இலைமேல் இலையாக விட்டது, ஊர் ஆடுகளெல்லாம் கொழுத்தன, மருந்துக்குக்கூட ஒரு குலை இல்லை. பிறகு ஒரு வருஷம் மலையில் அவள் அம்மா படுத்த படுக்கையாகிவிட, வெட்ட ஆளில்லாமல் கொடி தன்பாட்டுக்குக் கிடந்தது; மார்கழிக் குளிரில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செத்ததுபோல் தூங்கியது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவள் காய்ந்ததை மட்டும் கழித்துவிட்டு, பிழைத்தால் பிழைக்கட்டும் என்று விட்டாள். சித்திரையில் பந்தலுக்கடியில் சின்னச் சின்னக் குலைகள் கறுத்துத் தொங்கின. தூங்கவிடாமல் அடித்து எழுப்பியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பழம் வாங்க வந்த வியாபாரி ஒன்றை வாயில் போட்டுத் துப்பினான்.

"என்னத்தா இது, பூராம் தோலும் கொட்டையுமா இருக்கு! காக்கா கொத்துமா இத?"

காக்கா கொத்த வேண்டாம் என்று பிரகாசி அதைக் கோயில் இரச அறைக்குக் கொண்டுபோனாள். பூசைக்கு வேண்டிய இரசத்தைச் செய்துகொள்ள அந்தக் கோயிலுக்கு அனுமதி உண்டு. ஆனால் வழக்கமாகச் செய்வது பன்னீர் திராட்சை இரசம், சர்பத்துக்கு அண்ணன் என்று சொல்லலாம். பிரகாசி பழத்தை மிதித்து, சாற்றைத் தோலோடும் கொட்டையோடும் ஊறவிட்டு, மேலே மிதந்து வரும் தோலை அமுக்கி அமுக்கிவிட்டு, நிறமெல்லாம் இறங்கியதும் பிழிந்து மரப் பீப்பாயில் அடைத்தாள். எந்தக் கட்டத்திலும் ஒரு சொட்டை நாக்கில் வைக்கவில்லை. எல்லாவற்றையும் மூக்காலேயே பார்த்துக்கொண்டாள். பங்குச் சாமியார் அமலதாஸ் ஒரு கரண்டி எடுத்து ருசித்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தார்.

"பிரகாசி, இதுல என்ன சேர்த்தே?"

"திராட்சைதான் சாமி. வேற என்னத்தச் சேக்க?"

"மிளகு போடல?"

"அது அதோட குணம் சாமி."

இந்தச் செய்தி கருணையின் காதுக்குப் போனது. கருணை அருளப்பனின் தங்கை, கோயில் பெண்களின் மாதா சபைக்குத் தலைவி, ஊரில் அவள் இருமினாலே நாலு சண்டை நின்றுபோகும். அண்ணனைத் தோளில் சாய்த்துக் கடைசிக் கஞ்சியை ஊட்டியவள் அவள்தான். பொதுக் குழாயடியில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்: "எங்கண்ணன முழுங்குன சனியன எங்கண்ணன் கட்டுன பந்தல்லயே வளக்குறாக எங்க மதினி. நல்லா இருக்கட்டும்." அன்றைக்குப் பிரகாசியோடு பேச்சை நிறுத்தியவள்தான். ஆனால் நிறுத்தின பேச்சிலும் "மதினி"யையும் மரியாதைக்குச் சேர்க்கிற "ஆக"வையும் விடவில்லை, அதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

தோமையார்பட்டியில் ஒரு வழக்கம், திருவிழா முடிந்த மறுநாள் பொதுச் சாப்பாட்டில் அந்த வருஷத்து முதல் பீப்பாயைத் திறந்து, வயது வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன டம்ளர் ஊற்றுவார்கள். அந்த வருஷம் ஷிராஸ் பீப்பாய் திறந்தது. பன்னீர் இரசத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகும் ஆட்கள், இதை வாயில் வைத்ததும் நின்றுவிட்டார்கள். வாழைப்பூவைக் கடித்ததுபோல் ஒரு துவர்ப்பு நாக்கின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, எங்கே ஓடுகிறாய், உட்கார் என்றது; உட்கார்ந்தார்கள். ஆட்டுக்கறி ஒரு துண்டைக் கடித்துவிட்டு இன்னொரு வாய் குடித்தபோது துவர்ப்பு இளகி, உள்ளே நாவல்பழம் உடைந்து, தொண்டைக்குப் போன பிறகு எங்கிருந்தோ மிளகு வந்து காதுமடலைச் சூடாக்கியது. ஆளை நெருக்கிப் பிடிக்கிற ஒயின். பேச்சுத் துணை கேட்கிற ஒயின். அன்றைக்குச் சாப்பாடு முடிய மாலையாகிவிட்டது. பெரியவர்களில் குடிக்காதவர்கள் இருவர்தான். கோபத்தில் வராதவள் கருணை. எல்லோருக்கும் ஊற்றிக்கொடுத்துவிட்டுத் தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தவள் பிரகாசி.

மறுநாள் காலை ஊரே சிவந்து விழுந்தது. மனிதர்கள் எப்போதும்போல் கறுப்பும் மாநிறமுமாகத்தான் இருந்தார்கள், நிழல்தான் சிவந்திருந்தது. இளவட்டங்களின் நிழலில் ஊதா பளபளத்தது. வயதானவர்களின் நிழல் ஓரத்தில் செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. உபதேசியார் கோயில் வாசலில் விழுந்த தன் நிழலை வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார், வாசல்தான் சுத்தமானது. சாமியார் பூசைக்கு வெள்ளை அங்கியில் வந்து நின்றபோது அவர் நிழல் பீடத்தின் மேல் ஒரு செந்நிறப் பட்டுப்போல் விழுந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, செபப் புத்தகத்தைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து படித்தார். வெள்ளை வேட்டியில் நிழல் பட்டால் கறையாகும் என்று முதல் வாரம் ஒருவரை ஒருவர் விலகி நடந்தார்கள். கறை படவில்லை. பிறகு விலகுவதை மறந்துவிட்டார்கள்.

அதற்குள் நிழலின் குணம் தெரிந்துவிட்டது. சாதாரண நிழலைவிட அது குளிர்ச்சி, லேசாக மிளகு மணக்கும், அதில் கொஞ்ச நேரம் நின்றால் அவசரம் போய்விடும். நாய்கள்தான் முதலில் கண்டுபிடித்தன. பலசரக்குக் கடை மரியசூசை ஆள் கொஞ்சம் அகலம். அவர் கடைவாசலில் வந்து நின்றால் அரிசி புடைக்கிற பெண்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு அவர் நிழலுக்கு வந்துவிடுவார்கள், அவர் வியாபாரத்தையும் பார்க்க முடியாமல் நகரவும் முடியாமல், "நின்னே தேஞ்சு போனேன்த்தா" என்று புலம்பிக்கொண்டு, ஆனால் நகராமல் நிற்பார். வாய்க்கால் தண்ணீருக்கு அடித்துக்கொள்ள வந்தவர்கள் ஒருவர் நிழலில் ஒருவர் நின்று பேசப் போய், எதற்கு வந்தோம் என்பதை மறந்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார்கள். ஒரு காலத்தில் யார் நிழல் யார்மேல் படலாம் என்று அளந்து நடந்த ஊர்தான் இதுவும், கழுத்தில் சிலுவை போட்டிருந்தாலும். அந்த ஊரில் கீழத்தெரு ஆளைப் பார்த்து மேலத்தெரு ஆள், "கொஞ்சம் இப்படி நில்லுங்க, வெயில் தாங்கல" என்று கேட்டது என்றால், நிழல் சிவந்ததைக் காட்டிலும் அதுதான் அதிசயம் என்று நான் சொல்வேன்.

இதெல்லாம் உள்ளூர்க் கதை. வெளியூருக்கு வேறு கண். சலேத்தின் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், பஸ்ஸை விட்டு இறங்கி, வரவேற்க நின்றவர்களின் நிழலைப் பார்த்து, குடிகார ஊர் என்று அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். சலேத்து மாதா சபையில் போய் அழுதாள். கருணை காத்திருந்ததும் அதற்குத்தான். அந்தக் கொடியைப் பிடுங்கியாக வேண்டும் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனாள். நிழலோடு பழகிவிட்டவர்கள்கூட, ஒரு பெண்ணின் கல்யாணம் என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கோயில் நிலத்தில் ஒருவர் வைத்ததை இன்னொருவர் வெட்டக் கூடாது. வைத்த கைதான் முதல் வெட்டு வெட்ட வேண்டும், அது ஊர்க் கட்டு. எனவே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எல்லோரும், மார்கழி பிறந்து இலை உதிர்த்திருந்த ஷிராஸ் பந்தலுக்கு வந்தார்கள். நிழலின் நிறத்தை வைத்து யாருக்கும் யாரும் குறைவாகத் தெரியக் கூடாது என்று சாமியார் உச்சி வெயில் நேரத்தைச் சொல்லியிருந்தார், நிழல்கள் காலுக்கடியில் ஒடுங்கியிருந்தன. கவாத்துக் கத்திரியைக் கருணையே கொண்டுவந்திருந்தாள். பந்தல் கம்பியில் அருளப்பன் முறுக்கிவிட்ட முடிச்சுகள் அப்படியே இருந்தன. பிரகாசி கத்திரியை வாங்கிக்கொண்டு கொடியின் அடித்தண்டைப் பிடித்தாள். இந்தக் கொடியை விட்டால் அவளுக்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. அம்மா போய்விட்டாள், அவன் போய்விட்டான். வெட்டிவிட்டால் மலைக்குப் போக வேண்டியதுதான், மலையிலும் யார் இருக்கிறார்கள்?

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்," என்றாள் கருணை. ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் பேச்சு. "ஊருக்கே ஊத்துனீக. நீக ஒரு வாய் குடிச்சுப் பாத்தீகளா மதினி?"

"இல்ல."

"ஏன்? வெசம்னு தெரிஞ்சுதான?"

"பயம் கருணை." பிரகாசி தண்டை விடவில்லை. "நாராசமா இருந்துச்சுன்னா, இந்தக் கண்றாவியவா ஊருக்குக் குடுத்தோம்னு ஆயிரும். சரி, அது போகட்டும். எனக்குப் பிடிச்சுப் போச்சுன்னா? இம்புட்டு ருசியா ஒண்ணு இருக்குன்னு எனக்கே தோணிப்போச்சுன்னா, அப்புறம் அந்த மனுசன நான் எதச் சொல்லித் திட்டுவேன்? இத்தன வருசமா அவரத் திட்டித்தான நான் எந்திரிச்சு நடமாடிக்கிட்டிருக்கேன்."

கருணை அவளைப் பார்த்தபடியே நின்றாள். அண்ணனைக் கொன்றது எது என்று இத்தனை காலம் தேடித் தேடி, பிராந்தியைத் திட்டி, கடைக்காரனைத் திட்டி, மதினியைத் திட்டி, ஒயினைத் திட்டி அலைந்தவளுக்கு, தன்னைப்போலவே திட்டிப் பிழைத்துக்கொண்டிருக்கிற இன்னொருத்தி எதிரில் நிற்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊர் முழுக்கச் சிவந்து கிடக்க, பெரியவர்களில் கறுத்த நிழல் அவர்கள் இருவருக்கும்தான்.

"சாமி," என்றாள் கருணை, சாமியாரைப் பார்க்காமலேயே. "ரெண்டு டம்ளர் கொண்டாரச் சொல்லுங்க."

"எதுக்கு கருணை?" என்றாள் பிரகாசி.

"வெட்டுறதுன்னா என்னன்னு தெரிஞ்சு வெட்டுவோம். தனியாக் குடிக்க உங்களுக்குப் பயமா இருக்குல்ல? எனக்கும் பயமாத்தான் இருக்கு. உக்காருங்க."

உபதேசியார் ஓடிப்போய்க் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டுவந்தார். சலேத்து, அழுத சலேத்தேதான், வீட்டில் கொதித்துக்கொண்டிருந்த ஆட்டுக்கறியை அப்படியே சட்டியோடு தூக்கிவந்தாள். இருவரும் பந்தலடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். வெயிலில் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியாத அளவுக்குக் கறுப்பு. சாய்த்தால் டம்ளர் விளிம்பில் மட்டும் ஊதா. கருணை மூக்கைப் பிடித்துக்கொள்ளப் போனாள், பிரகாசி அவள் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"மூக்காலதான் முதல்ல குடிக்கணும்."

குடித்தார்கள். பிரகாசிக்குத் துவர்ப்பு வாயைக் கட்டியது, கண் கலங்கியது, இதுதானா என்று நினைத்தாள். பிறகு கறியைக் கடித்துவிட்டு இன்னொரு வாய். கட்டியிருந்த வாய் மெல்ல அவிழ, நாவல்பழத்து இனிப்பு, ஆனால் சர்க்கரை இல்லாத இனிப்பு, நாக்கின் நடுவில் கனமாக உட்கார்ந்தது. அது போகும்போது அம்மா மிதித்த மிளகைத் தொண்டையில் விட்டுவிட்டுப் போனது. மூக்குக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்ததெல்லாம் நாக்குக்கும் உண்மையாக இருந்தது. பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. அதற்காக வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"எங்கண்ணன் இதக் குடிச்சிருக்குமா மதினி?"

"ம்ஹும். இது நின்னுக்கிட்டுக் குடிக்க வராதே. அவருக்கு உக்காரப் பொறுமை ஏது?"

கருணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்துப்போனவனை நினைத்துச் சிரிப்பு வருகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டாள், அதற்குள் பிரகாசியும் சிரித்துவிட்டாள். அதன்பிறகு பேச்சு தானாக வந்தது. பந்தல் கட்டும்போது கம்பியிலேயே தாளம் போடுவானே, அது. பெண் பார்க்க மலைக்கு வந்தபோது அட்டை கடித்து, மாப்பிள்ளை வேட்டியெல்லாம் ரத்தமாக நின்றானே, அது. குடியைத் தவிர வேறு எதுவும் அவனைப் பற்றிப் பேசி எத்தனை காலமாகிவிட்டது என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள். அதோடு, சொல்ல வேண்டிய ஒன்றையும் கருணைதான் சொன்னாள்: "ஒரு சொட்டு மிச்சம் வச்சு எந்திரிச்சதில்ல மதினி எங்கண்ணன். பாட்டிலக் கவுத்து உள்ளங்கையில தட்டி நக்கும். அதத்தான் என்னால மறக்க முடியல."

பிரகாசி கருணையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தது. ஊரே தரையைப் பார்த்தது. முதலில் மரியசூசையின் அகல நிழல் எட்டிப்பார்த்தது, பிறகு சாமியாருடையது, பிறகு ஒவ்வொருவருடையதாகச் சிவந்து நீண்டன. கடைசியாக உட்கார்ந்திருந்த இருவருடையதும் மெல்ல மண்ணில் இறங்கியது, கருஞ்சிவப்பாக, ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, யாருடைய தோள் எது என்று பிரிக்க முடியாமல். அந்த நேரம் பார்த்து வரப்பில் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்தான். சம்பந்தம் வேண்டாம் என்று திரும்பிப் போனவர்களின் மகன், மாப்பிள்ளையேதான், வீட்டுக்குத் தெரியாமல் பெண்ணைக் கேட்க வந்தவன். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. வெயிலில் வந்த களைப்பில் அவன் சலேத்தின் நிழலில் உட்கார, சலேத்து நகராமல் நின்றாள்.

கருணை எழுந்து, தரையில் கிடந்த கத்திரியை எடுத்து உபதேசியாரிடம் கொடுத்தாள். "மார்கழி முடியட்டும். அதுவரைக்கும் தூங்குற கொடிய யாரும் தொடக் கூடாது." அதைச் சொன்ன குரலில் யாருக்கும் இன்னொரு முறை கேட்கத் தைரியம் வரவில்லை. பிறகு சேலையை உதறிக்கொண்டு புறப்பட்டாள். அவள் டம்ளரில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"கருணை, இது மிச்சம் கிடக்கே," என்றாள் பிரகாசி. "கொட்டிரவா?"

கருணை திரும்பி வந்தாள். டம்ளரைப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்து நின்றது, துடைத்துக்கொள்ளவில்லை. சலேத்தின் சட்டி மூடியை எடுத்து டம்ளரின் மேல் வைத்து, விழுந்துவிடாமல் அழுத்திவிட்டாள்.

"எதுக்குக் கொட்டணும்? நாளைக்கு எப்படி இருக்கும் மதினி?"

"இன்னும் இளகி இருக்கும்."

"அப்ப நாளைக்கு வாறேன்," என்றாள் கருணை.